தனிவீடா, ஒண்டுக்குடித்தனமா? – வீட்டு சர்வருக்கு எது சரி

பழைய மேசைக் கணினியையோ உள்ளங்கையளவு மினி கணினியையோ ரௌட்டருக்குப் பக்கத்தில் வைத்து, இரவு பகலாக ஓடவிட்டு, அதையே வீட்டு சர்வராகப் பயன்படுத்துவது இன்று கணினி மாணவர்களிடையே சாதாரணமாகிவிட்டது. குடும்பப் புகைப்படங்களைச் சேர்த்துவைக்க இம்மிச், படம் பார்க்க ஜெல்லிஃபின், விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல், விளக்கையும் மோட்டாரையும் கட்டுப்படுத்த ஹோம் அசிஸ்டன்ட் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். மூன்றாவது நான்காவது மென்பொருளை நிறுவும்போதுதான் தலைவலி தொடங்கும். ஒன்றுக்குத் தேவையான பைத்தான் பதிப்பு மற்றொன்றுக்கு ஆகாது. இரண்டு மென்பொருள்கள் ஒரே போர்ட்டைக் கேட்கும். ஒன்றை நீக்கினால் சம்பந்தமே இல்லாத இன்னொன்று படுத்துக்கொள்ளும்!

அப்போதுதான் இவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்தால் என்ன என்ற எண்ணம் வரும். பிரிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மெய்நிகர் கணினி, அதாவது வெர்ச்சுவல் மெஷின். மற்றொன்று கன்டெய்னர். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதம் பெரும்பாலும் எது லேசு, எது வேகம் என்பதோடு முடிந்துவிடுகிறது. வீட்டைப் பொறுத்தவரை அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. சர்வர் என்றால் என்றைக்காவது ஒருநாள் கெடும். அன்று எவ்வளவு தூரம் கெடும், அதை யார் சரிசெய்வார், எது திரும்பவே கிடைக்காது என்று முதலில் யோசிக்க வேண்டும்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

மெய்நிகர் கணினியைத் தனிவீட்டோடு ஒப்பிடலாம். ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள், இல்லாத ஒரு கணினியை இருப்பது போலக் காட்டுகிறது. அதற்கென்று ப்ராசசர், நினைவகம், வன்தட்டு, நெட்வொர்க் கார்டு எல்லாம் இருப்பதாக உள்ளே நிறுவப்படும் இயங்குதளம் நம்புகிறது. முக்கியமாக, அதற்கென்று சொந்தமாக ஒரு கெர்னல் ஓடுகிறது. தனிவீட்டில் தனிக் கிணறு இருப்பது போல.

கன்டெய்னர் என்பது ஒண்டுக்குடித்தனம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை, ஒரு பூட்டு, ஓர் அடுப்பு உண்டு. கிணறும் முற்றமும் பொது. அந்தப் பொதுக் கிணறுதான் லினக்ஸ் கெர்னல். எத்தனை கன்டெய்னர்கள் ஓடினாலும் அடியில் ஓடுவது ஒரே கெர்னல்தான். அந்தக் கெர்னலே இரண்டு வசதிகளால் குடித்தனங்களைப் பிரிக்கிறது. நேம்ஸ்பேஸ் என்பது யார் எதைப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. கன்டெய்னருக்குள் இருக்கும் நிரல் தன் கோப்புகளையும், தன் நெட்வொர்க்கையும், தன் கூட ஓடும் நிரல்களையும் மட்டுமே காணும். சிகுரூப் என்பது யார் எவ்வளவு எடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இதற்கு 512 மெகாபைட் நினைவகத்துக்கு மேல் கிடையாது என்று அதன் மூலம் கட்டுப்படுத்தலாம்.

கன்டெய்னரிலும் இரண்டு வகை உண்டு. டாக்கர் வகை ஒரு மென்பொருளை மட்டும் சுமப்பது. எல்எக்ஸ்சி வகை ஒரு முழு லினக்ஸ் போலவே நடந்துகொள்வது. உள்ளே நுழைந்து வழக்கம் போலப் பொதிகளை நிறுவலாம். ஆனால் கெர்னல் மட்டும் அப்போதும் பொதுதான்.

கொஞ்சம் வரலாறு

இரண்டுமே புதியவை அல்ல. ஐபிஎம் தன் பெருங்கணினிகளுக்காக விஎம்/370 என்ற இயங்குதளத்தை 1972-லேயே அறிவித்துவிட்டது. ஒரே இயந்திரத்தைப் பலரும் ஆளுக்கொரு கணினி போலப் பயன்படுத்துவதே அதன் நோக்கம். சாதாரண பிசிக்கு அந்த வசதி வந்தது 1999-ல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் மூலம். 2005-லும் 2006-லும் முறையே இன்டெல்லும் ஏஎம்டியும் ப்ராசசரிலேயே இதற்கான ஆதரவைச் சேர்த்தன. 2007-ல் லினக்ஸ் கெர்னல் 2.6.20-உடன் கேவிஎம் சேர்ந்தபோது, லினக்ஸ் ஓடும் கணினியையே ஹைப்பர்வைசராக்கிக்கொள்ள முடிந்தது.

கன்டெய்னரின் வேர் யுனிக்ஸில் இருக்கிறது. ஒரு நிரலுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையை மட்டும் முழு மரமாகக் காட்டும் சிரூட் 1979-ல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பின் காலத்தது. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி 4.0 ஜெயில் என்ற வசதியைத் தந்தது. லினக்ஸில் சிகுரூப் 2008 ஜனவரியில் கெர்னல் 2.6.24-உடன் வந்தது. இவ்வளவும் இருந்தும் இது நிபுணர்களின் கருவியாகவே இருந்தது. 2013 மார்ச்சில் பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் டாக்கரைக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. பிரிக்கும் வேலை கெர்னலில் ஏற்கெனவே இருந்தது. மென்பொருளையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் தரவிறக்கி ஓட்டும் முறையை டாக்கர் எளிதாக்கிக் கொடுத்தது.

நினைவகக் கணக்கு

இன்று வீட்டு சர்வருக்குப் பலரும் வாங்குவது இன்டெல் என்100 போன்ற சில்லு உள்ள மினி கணினி. நான்கு கோர்கள், இன்டெல் கணக்குப்படி அதிகபட்சம் 16 ஜிபி நினைவகம். இதில் நான்கு மென்பொருளுக்கு நான்கு மெய்நிகர் கணினிகள் வைத்தால் நான்கு கெர்னல்கள், நான்கு இயங்குதளங்கள் ஓட வேண்டும். ஒவ்வொன்றும் வேலை எதுவும் செய்யாமலே சில நூறு மெகாபைட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புப் புதுப்பிப்பும் நான்கு முறை செய்ய வேண்டும். அதே நான்கும் கன்டெய்னராக இருந்தால் அந்தந்த மென்பொருள் கேட்கும் நினைவகம் மட்டுமே செலவு.

வேகத்தில் வித்தியாசம் பலரும் நினைக்கும் அளவு இல்லை. ப்ராசசரிலேயே ஆதரவு வந்துவிட்டதால் கணக்குப் போடும் வேலையில் மெய்நிகர் கணினி அதிகம் பின்தங்குவதில்லை. வீடியோவை மாற்றித் தரும் வேலையில்தான் வேறுபாடு தெரியும். கன்டெய்னரிடம் கிராபிக்ஸ் சில்லைக் காட்டிவிட்டால் போதும், இரண்டு மூன்று கன்டெய்னர்கள்கூட அதைப் பகிர்ந்துகொள்ளலாம். மெய்நிகர் கணினிக்குக் கொடுக்க வேண்டுமானால் பொதுவாக அந்தச் சில்லை முழுதாக அதற்கே எழுதிக்கொடுக்க வேண்டும். பிறகு மற்றவருக்குக் கிடையாது.

ஆகவே 4 ஜிபி, 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியிலும் ராஸ்பெரி பையிலும் கேள்வியே எழாது, கன்டெய்னர்தான். 16 ஜிபியும் அதற்கு மேலும் இருந்தால்தான் தேர்வு என்ற ஒன்று வருகிறது.

சுவரின் கனம்

பொதுக் கிணற்றில் எதையாவது கலந்துவிட்டால் எல்லா வீட்டுக்கும் கேடு. 2022 மார்ச்சில் வெளிப்பட்ட டர்ட்டி பைப் என்ற ஓட்டை லினக்ஸ் கெர்னலிலேயே இருந்தது. படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பின் உள்ளடக்கத்தை ஒரு சாதாரண பயனர் மாற்றிவிட அது இடம் கொடுத்தது. கன்டெய்னர்களைத் தொடங்கிவைக்கும் ரன்சி என்ற கருவியில் 2019 பிப்ரவரியில் ஓர் ஓட்டை வெளியானது. தீய கன்டெய்னர் ஒன்று வெளியே உள்ள ரன்சியையே மாற்றி எழுதி, முழுக் கணினியையும் பிடித்துக்கொள்ள முடிந்தது. 2024 ஜனவரியில் அதே ரன்சியில் வெளியேறிச் செல்ல இன்னொரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. எல்லாம் சரிசெய்யப்பட்டுவிட்டன. ஆனாலும் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை இவை காட்டுகின்றன.

மெய்நிகர் கணினியின் சுவரும் ஓட்டையே விழாதது அல்ல. 2015-ல் வெனம் என்ற ஓட்டை க்யூஈஎம்யூவில் கண்டுபிடிக்கப்பட்டது. அது இருந்த இடம் ஃபிளாப்பி டிஸ்க் போல நடிக்கும் பகுதி! யாரும் ஃபிளாப்பி பயன்படுத்தாத காலத்தில் அதன் வழியாகத் திருடன் வர முடிந்தது. இருந்தாலும் கெர்னல் தன் நிரல்களுக்குத் திறந்துவைத்திருக்கும் நூற்றுக்கணக்கான வாசல்களோடு ஒப்பிட்டால் ஹைப்பர்வைசரின் வாசல்கள் குறைவு. அதனால்தான் முன்பின் தெரியாதவர்களின் நிரல்களை ஓட்டும் அமேசான், லாம்டா சேவைக்காக ஃபயர்கிராக்கர் என்ற சிறிய மெய்நிகர் கணினி முறையை உருவாக்கி 2018-ல் வெளியிட்டது.

வீட்டில் அந்நியர் யாரும் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் டாக்கர் ஹப்பில் யாரோ ஒருவர் ஏற்றிவைத்த இமேஜைத் தரவிறக்கி ஓட்டுவது அந்நியரை உள்ளே கூட்டிவருவதுதான். இணையத்துக்குத் திறந்துவைக்கும் எந்த மென்பொருளும் தெருவைப் பார்த்த திண்ணைதான்.

உண்மையில் வீட்டு சர்வர்களில் பெரிய ஆபத்து இந்த நுட்பமான ஓட்டைகளைவிட, அவசரத்தில் செய்யும் அமைப்புகளில் இருக்கிறது. ஏதோ வேலை செய்யவில்லை என்று கன்டெய்னருக்கு பிரிவிலெஜ்டு அனுமதி கொடுத்துவிட்டால் சுவரை இடித்ததற்குச் சமம். டாக்கரின் சாக்கெட் கோப்பை ஒரு கன்டெய்னருக்குள் கொடுப்பதும், ஒரு பயனரை டாக்கர் குழுவில் சேர்ப்பதும் ரூட் கடவுச்சொல்லைக் கையில் கொடுப்பது போலத்தான். பலரும் கவனிக்காத இன்னொன்று: உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் ஒரு போர்ட்டை மூடிவைத்திருந்தாலும், டாக்கர் வெளியிடும் போர்ட் அதைச் சுற்றிக்கொண்டு திறந்துவிடும். டாக்கர் தன் விதிகளை நேராகக் கெர்னலில் எழுதுவதே காரணம். கணினியின் உள்ளேயே பயன்படும் போர்ட்டாக இருந்தால் 127.0.0.1 என்ற முகவரியோடு சேர்த்துக் குறிப்பிட வேண்டும்.

எல்எக்ஸ்சியில் அன்பிரிவிலெஜ்டு வகையைப் பயன்படுத்துவது நல்லது. ப்ராக்ஸ்மாக்ஸில் அந்த வகையில் உள்ளே ரூட்டாக இருப்பவர் வெளியே 100000 என்ற எண்ணுள்ள, அதிகாரம் ஏதுமற்ற பயனர். வெளியில் உள்ள கோப்புறையை உள்ளே இணைத்தால் எழுத அனுமதி இல்லை என்று வரும் பிழைக்கும் இந்த எண் மாற்றம்தான் பெரும்பாலும் காரணம். எரிச்சலில் உடனே பிரிவிலெஜ்டு வகைக்கு மாறாமல் எண்களைப் பொருத்திக்கொள்வதே சரி.

தேர்வே இல்லாத இடங்கள்

சில மென்பொருள்களுக்குக் கேள்வியே கிடையாது. விண்டோஸ் வேண்டுமானால் மெய்நிகர் கணினிதான். ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வால் ஃப்ரீபிஎஸ்டியில் ஓடுவது. லினக்ஸ் கெர்னலைப் பகிர்ந்துகொள்ள அதனால் முடியாது. ஹோம் அசிஸ்டன்ட் கன்டெய்னராகவும் கிடைக்கிறது, ஆனால் ஒரே சொடுக்கில் துணை மென்பொருள்களைச் சேர்க்கும் வசதி அதன் சொந்த இயங்குதளத்தோடுதான் வரும். அதற்கு மெய்நிகர் கணினியோ தனிக் கருவியோ தேவை. மாறாக இம்மிச் குழுவினர் பரிந்துரைப்பது டாக்கர் கம்போஸ் வழியைத்தான்.

ப்ராக்ஸ்மாக்ஸில் எல்எக்ஸ்சிக்குள்ளேயே டாக்கரை ஓட்டுவோர் உண்டு. ஓடவும் செய்யும். ஆனால் டாக்கரை ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓட்டும்படிதான் ப்ராக்ஸ்மாக்ஸின் கையேடே சொல்கிறது. விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் டெஸ்க்டாப் நிறுவினால் அதுவும் உள்ளே ஒரு மெய்நிகர் கணினியைத்தான் ஓட்டுகிறது. இந்த இரண்டும் எதிரிகள் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

கெடும் நாள்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஒரு வீட்டில் கல்லூரி மாணவன் ஒருவன் சர்வர் அமைக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் அம்மாவின் கைப்பேசியில் இருந்த படங்கள் அதில் ஏறிவிட்டன. இடம் போதவில்லை என்று கைப்பேசியில் அழித்தும் ஆகிவிட்டது. தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் இப்போது அந்த ஒரே வன்தட்டில் மட்டும்தான். பிறகு அவன் வேறு ஊரில் வேலைக்குப் போகிறான். ஒரு நாள் மின்சாரம் போய் வருகிறது, சர்வர் எழவில்லை. அமைத்தவன் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான். வீட்டில் தெரிவது ஒன்றுதான்: "நெட் வரலை."

நெட் ஏன் வரவில்லை? பை-ஹோல் அந்தக் கணினியில் இருந்தது, ரௌட்டர் எல்லாப் பெயர்களுக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. கன்டெய்னரோ மெய்நிகர் கணினியோ, ஒரே பெட்டியில் இருந்தால் பெட்டியோடு சேர்ந்து விழும். வீடே நம்பியிருக்கும் அந்த ஒரு வேலையைத் தனியாக ஒரு சிறிய ராஸ்பெரி பையில் வைப்பது, எந்தச் சுவரையும்விடப் பலன் தரும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழும்படி பயாஸில் ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டுவைக்க ஒரு நிமிடம் போதும்.

படங்கள் என்ன ஆயின? இங்கேதான் இரண்டு வழிகளின் குணம் தெரிகிறது. டாக்கர் கன்டெய்னர் தூக்கி எறியக்கூடியது. புதிய பதிப்பு வந்தால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை எழுப்புவதே அதன் வழக்கம். கன்டெய்னருக்குள்ளேயே எழுதப்பட்டவை அதை நீக்கும்போது அதோடு போய்விடும். வெளியே வால்யூமிலோ கோப்புறையிலோ வைத்தவை மட்டும் நிற்கும். ஆகவே முதல் படத்தை ஏற்றும் முன்பே அது எங்கே எழுதப்படுகிறது என்று பார்த்துவிட வேண்டும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கம்போஸ் கோப்பு என்பது சமையல் குறிப்பு மாதிரி. என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தப் போர்ட், தரவு எங்கே என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் எழுத்தாக இருக்கிறது. கணினியே எரிந்துபோனாலும் அந்தக் கோப்பும் தரவும் இருந்தால் புதுக் கணினியில் மறுபடி சமைத்துவிடலாம்.

மெய்நிகர் கணினி என்பது சமைத்த பாத்திரத்தையே தூக்கி வைப்பது. மாதக்கணக்கில் கையால் செய்த மாற்றங்கள் யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் முழு வன்தட்டும் ஒரே கோப்பாக இருப்பதால் அப்படியே நகலெடுக்கலாம், அப்படியே திருப்பலாம். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத தம்பிகூட, தொலைபேசியில் அண்ணன் சொல்லச் சொல்ல, ப்ராக்ஸ்மாக்ஸின் பக்கத்தைத் திறந்து நேற்றைய நகலைத் தேர்ந்து ரீஸ்டோர் பொத்தானை அழுத்திவிடுவான். அமைத்தவர் அருகில் இல்லாத வீட்டுக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆனால் இரண்டுமே பேக்கப் அல்ல. ஸ்னாப்ஷாட் அதே வன்தட்டில் இருப்பது. வன்தட்டு போனால் அதுவும் போகும். ரெய்டு போட்டிருந்தால் வன்தட்டு பழுதைத் தாங்கும், தவறுதலாக அழித்ததைத் தாங்காது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை வெறுமனே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் போன்றவற்றுக்கு அதற்கென்று உள்ள பிஜி டம்ப் கருவியைப் பயன்படுத்த வேண்டும். இம்மிச்சில் படங்கள் கோப்புறையில் இருந்தாலும், ஆல்பங்களும் முகங்களின் பெயர்களும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் காக்க வேண்டும். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதி இன்றும் செல்லும்: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே.

ஒரு நடைமுறை ஏற்பாடு

16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு மினி கணினிக்குக் கீழ்க்கண்ட ஏற்பாடு பொருந்தும்.

1. அடியில் ப்ராக்ஸ்மாக்ஸ். வேறு எந்த மென்பொருளையும் அதில் நேரடியாக நிறுவக் கூடாது.

2. டெபியன் ஓடும் ஒரு மெய்நிகர் கணினி. இம்மிச் உள்ளிட்ட நம்பிக்கையான மென்பொருள்கள் எல்லாம் அதற்குள் டாக்கர் கன்டெய்னர்களாக. தனிவீட்டுக்குள் ஒண்டுக்குடித்தனம்!

3. ஹோம் அசிஸ்டன்டுக்கு அதன் சொந்த இயங்குதளத்தோடு இன்னொரு மெய்நிகர் கணினி.

4. ஜெல்லிஃபினுக்கு மட்டும் ஓர் அன்பிரிவிலெஜ்டு எல்எக்ஸ்சி. கிராபிக்ஸ் சில்லைக் கொடுப்பது அதில் எளிது.

5. இணையத்துக்குத் திறப்பதும், புதிதாகச் சோதித்துப் பார்ப்பதும் ஆளுக்கொரு சிறிய மெய்நிகர் கணினியில். படங்கள் உள்ள கோப்புறையை அவற்றின் கண்ணில் காட்டக் கூடாது.

6. இரவுதோறும் வேறொரு வன்தட்டுக்கு பேக்கப். மாதம் ஒருமுறை உறவினர் வீட்டில் வைத்திருக்கும் வன்தட்டுக்கு ஒரு நகல்.

8 ஜிபிக்குள் என்றால் ப்ராக்ஸ்மாக்ஸே வேண்டாம். டெபியன், அதன் மேல் டாக்கர், தனி வன்தட்டில் தரவு. பேக்கப் மட்டும் அதே மாதிரி.

முடிவாக

நம்பகமான மென்பொருளுக்கும் குறைந்த நினைவகத்துக்கும் கன்டெய்னர். வேறு கெர்னல் தேவைப்படுவதற்கும், நம்பிக்கை இல்லாததற்கும், தெரியாதவர் கையால் முழுதாகத் திருப்ப வேண்டியதற்கும் மெய்நிகர் கணினி. பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டும் கலந்ததே விடை.

எதைத் தேர்ந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை பாக்கி இருக்கிறது. பேக்கப் உள்ள வன்தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறொரு கணினியில் படங்களையும் ஆல்பங்களையும் திரும்ப வரவழைத்துப் பார்க்க வேண்டும். வந்துவிட்டால், எப்படிச் செய்தது என்பதை ஒரு தாளில் எழுதி ரௌட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். வரவில்லையென்றால், அது வரும் வரை அம்மாவின் கைப்பேசியில் ஒரு படத்தையும் அழிக்க வேண்டாம்.